திஸ் ஹீட்டின் ‘டிசீட்’: அந்தக் கரடுமுரடு எங்கிருந்து வருகிறது?

கேள்வி இது: “போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கை ஒட்டி வந்த பரிசோதனை இசை) பட்டியல் எதை எடுத்தாலும் திஸ் ஹீட் குழுவின் டிசீட் ஆல்பம் இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன். ஏதோ கிடங்குக்குள் வைத்து ரெக்கார்ட் செய்தது போல இருக்கிறது. பாட்டு நடுவில் அறுந்து வேறொன்று தொடங்குகிறது, மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். இதில் அப்படி என்ன இருக்கிறது? கரடுமுரடாக இருப்பதே ஒரு தகுதியா?”

கிடங்கு என்று சொன்னீர்கள் பாருங்கள், அது உங்கள் காதில் சரியாகவே விழுந்திருக்கிறது. தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதியில், ஏக்கர் லேன் என்ற தெருவில், ‘மீட் பை’ எனப்படும், இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் செய்த ஒரு பழைய தொழிற்சாலை இருந்தது. அதன் குளிர்பதன அறையைத்தான் திஸ் ஹீட்டின் மூன்று பேரும் எடுத்துக்கொண்டு ஒத்திகைக்கும் ஒலிப்பதிவுக்கும் ஆன இடமாக மாற்றினார்கள். பெயரைக்கூட யோசிக்கவில்லை, கோல்ட் ஸ்டோரேஜ் என்றே வைத்துவிட்டார்கள். குளிர் வெளியே போகாமல் இருக்கக் கட்டிய தடிச் சுவர்கள் சத்தத்தையும் வெளியே விடாது. நள்ளிரவில் ட்ரம்ஸ் அடித்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட மாட்டார்.

இதில் முக்கியமானது இடத்தைவிட நேரம். அந்தக் காலத்தில் ஸ்டூடியோ என்றால் மணிக்கணக்கில் வாடகை. பங்க், அதாவது வேகமான, எளிமையான, கோபமான ராக் வாசித்த குழுக்களின் முதல் சிங்கிள்கள் (ஒற்றைப் பாட்டு ரெக்கார்டுகள்) அத்தனை பதற்றமாக ஒலிப்பதற்கு அவர்களுடைய கோபம் பாதிக் காரணம் என்றால், காசு தீர்வதற்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் மீதிப் பாதி. திஸ் ஹீட்டுக்கு அந்த அவசரமே இல்லை. சொந்தமாக ஒரு அறை, அதில் டேப் ரெக்கார்டர்கள், வாரக்கணக்கில் ஒரே பகுதியைத் திருப்பித் திருப்பி வாசித்துப் பதிவு செய்யும் வசதி. 1979-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் 1976 பிப்ரவரியில் தொடங்கி 1978 செப்டம்பர் வரை சேர்த்த பதிவுகளால் ஆனது. இரண்டரை வருடத்துக்கும் மேல்! அவ்வளவு நேரம் இருந்தவர்கள் கரடுமுரடாக ஒன்றைக் கொடுக்கிறார்கள் என்றால், அது முடியாததால் வந்த கரடுமுரடு இல்லை. வேண்டும் என்றே விட்டது.

என் பதிலின் சாரம் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம். கரடுமுரடு தன்னளவில் தகுதி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சரியாக வாசிக்கத் தெரியாமல், கேசட்டில் பதிந்து, “இதுதான் நேர்மை” என்று சொல்லிக்கொண்ட நூற்றுக்கணக்கான ரெக்கார்டுகள் அதே வருடங்களில் வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றை இன்று கேட்க முடியாது. டிசீட் வேறு சாதி. இந்த ஆல்பம் பேசும் விஷயத்துக்கும் அது ஒலிக்கும் விதத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. தலைப்புக்கு வஞ்சகம் என்று பொருள். மெருகாக, இனிமையாக, வழவழப்பாக வருகிற எதையும் சந்தேகப்படு என்று சொல்கிற ரெக்கார்ட், தானே வழவழப்பாக வந்தால் யார் நம்புவார்கள்?

கொஞ்சம் ஆட்களைப் பற்றி. சார்ல்ஸ் ஹேவார்ட் ட்ரம்ஸ், கீபோர்டு, குரல். சார்ல்ஸ் புல்லன் கிட்டார், கிளாரினெட், குரல். காரெத் வில்லியம்ஸ் பேஸ், கீபோர்டு, டேப்புகள், அவரும் பாடுவார். ஹேவார்ட் அதற்கு முன்பு க்வயட் சன் என்ற குழுவில் இருந்தவர். ராக்ஸி மியூசிக் கிட்டாரிஸ்ட் ஃபில் மன்ஸனேராவின் பழைய குழு அது. சிக்கலான தாளக்கட்டு, நீண்ட இசைத்துண்டுகள் என்று ப்ரோக்ரசிவ் ராக் பக்கத்து ஆட்கள். அதாவது ஹேவார்ட் வாசிக்கத் தெரிந்தவர், நன்றாகவே தெரிந்தவர். வில்லியம்ஸ் நேர்மாறு. முறையான இசைப் பயிற்சி கிடையாது, ஆனால் பயங்கரமான கேட்பாளர். இந்தக் கலவைதான் குழுவின் ரகசியம் என்பது என் எண்ணம். இரண்டு பேருக்குக் கை பழகியிருக்கிறது, ஒருவருக்குப் பழகவில்லை. பழகிய கைகள் தன்னிச்சையாகப் போகிற பாதையில் போக விடாமல் அந்த மூன்றாவது ஆள் தடுத்துக்கொண்டே இருப்பார். ஆர்கனில் அவர் அழுத்துகிற கட்டைகள் எந்த இசைப் பாடப்புத்தகத்திலும் இல்லாத சேர்க்கைகள், ஆனால் காது சரியாக இருந்ததால் எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

இவர்கள் சேர்ந்தது 1976 தொடக்கத்தில், லண்டனில் பங்க் வெடிப்பதற்குச் சற்று முன்னால். ஆகவே “பங்க் முடிந்தபின் வந்தவர்கள்” என்ற அர்த்தத்தில் போஸ்ட்-பங்க் முத்திரை இவர்களுக்குச் சரியாகப் பொருந்தாது. ஆனால் பங்க் ஒரு கதவைத் திறந்து வைத்தது. 1978 ஜனவரியில் பங்கின் முன்னோடிக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் உடைந்த பிறகு, மூன்றே சுரக் கூட்டுகளில் ஓடும் வேக ராக் மட்டும் போதாது என்று நினைத்த இளைஞர்கள் டப் (பின்னால் விளக்குகிறேன்), ஃபங்க் என்ற கறுப்பின அமெரிக்க நடன இசை, ஜெர்மன் குழுக்களான கேன், ஃபவுஸ்ட், அப்புறம் டேப் வெட்டி ஒட்டும் இசை என்று நாலா பக்கமும் கை நீட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் திஸ் ஹீட் புரிந்தது. ஃபவுஸ்டின் ஒரு ஆல்பத்தை 1973-இல் வர்ஜின் நிறுவனம் ஒரு சிங்கிளின் விலைக்கே விற்றதால், வெட்டி ஒட்டிய இசை என்றால் என்னவென்று ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் வீடுகளுக்கு ஏற்கெனவே அறிமுகம் ஆகியிருந்தது. வாங்கியவர்களில் பாதிப் பேர் எரிச்சலடைந்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

டேப் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச முடியாது. இன்று கணினியில் ஒலித்துண்டு ஒன்றைப் பத்து முறை நகலெடுத்து ஒட்டுவது நொடி வேலை, தரமும் குறையாது. காந்த நாடாவில் அப்படி இல்லை. சவரக் கத்தியால் நாடாவைச் சாய்வாக வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டுப் பட்டையால் ஒட்ட வேண்டும். லூப், அதாவது ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடுவது, வேண்டுமென்றால் நாடாவை வளையமாக்கி மெஷினில் ஓட விட வேண்டும். வளையம் பெரிதாக இருந்தால் மைக் ஸ்டாண்டையோ வேறு எதையோ சுற்றி இழுத்து விடுவார்கள். ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கொஞ்சம் ஏறும், கூர்மையான ஒலிகள் கொஞ்சம் மங்கும். ஆகவே ஒரு துண்டு எத்தனை கை மாறி வந்திருக்கிறது என்பது அதன் ஒலியிலேயே பதிந்திருக்கும். நல்ல ஸ்டூடியோ இன்ஜினியரின் வேலை இந்தத் தடயங்களை மறைப்பது. திஸ் ஹீட் அவற்றை இசைக்கருவி போலவே பயன்படுத்தினார்கள். முதல் ஆல்பத்தில் ‘24 ட்ராக் லூப்’ என்று ஒன்று இருக்கிறது. ட்ரம்ஸ் வாசித்த ஒரு சிறு துண்டை வளையமாக்கி, அதை 24 ட்ராக் (தனித்தனி ஒலித்தடங்கள்) மேசையில் போட்டு, ஒவ்வொரு ட்ராக்கிலும் வேறு வேறு விதமாகச் சிதைத்து, ஏற்றி இறக்கிக் கலந்திருக்கிறார்கள். 1990-களில் ட்ரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மெஷின் தாள நடன இசை வந்தபோது பலர் இதைத் தோண்டி எடுத்துக் கேட்டு வாய் பிளந்தார்கள்.

சரி, டிசீட்டுக்கு வருவோம். 1981 செப்டம்பரில் ரஃப் ட்ரேட் என்ற ரெக்கார்ட் நிறுவனம் வெளியிட்டது. அட்டையில் ஒரு முகம், முகத்தின் மேல் காளான் மேகம் உட்பட வெட்டி ஒட்டிய படங்கள். அந்த வருடம் பிரிட்டனில் இருந்த பயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி ஆல்பம் தானே விளங்கும். 1979 டிசம்பரில் நேட்டோ மேற்கு ஐரோப்பாவில் புதிய அமெரிக்க அணு ஏவுகணைகளை நிறுத்துவதாக முடிவெடுத்தது, பிரிட்டனிலும் கொஞ்சம். 1980-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ‘ப்ரொடெக்ட் அண்ட் சர்வைவ்’ என்ற கையேட்டை 50 பென்ஸுக்கு விற்றது. அணுகுண்டு விழுந்தால் என்ன செய்வது? வீட்டுக் கதவுகளைக் கழற்றி உட்சுவரில் சாய்த்து வையுங்கள், ஜன்னலுக்கு வெள்ளையடியுங்கள், பதினான்கு நாளுக்குத் தேவையான சாப்பாடும் தண்ணீரும் சேர்த்து வையுங்கள். இதை அமைதியான, அன்பான, வங்கி விளம்பரம் எழுதுகிற அதே நடையில் எழுதியிருந்தார்கள். அந்த நடைதான் இந்த ஆல்பத்தின் எதிரி. குண்டைவிட அதைப் பற்றிப் பேசுகிற அந்த வழவழப்பான குரல்.

ஆகவேதான் ஆல்பம் கத்தலில் தொடங்காமல் தாலாட்டில் தொடங்குகிறது. முதல் பாட்டு ‘ஸ்லீப்’. மென்மையான குரல்கள், ஆடி ஆடிப் போகும் தாளம், தூங்கு தூங்கு என்று திரும்பத் திரும்ப. வரிகளைக் கவனித்தால் சுகம், மென்மை, சாப்பாடு என்று விளம்பரப் பேச்சாகவே இருக்கும். நீங்கள் இதைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை, ஏனென்றால் முதல் முறை கேட்பவர்கள் இதை “அமைதியான அறிமுகம்” என்று தாண்டிப் போய்விடுவார்கள். ஆல்பத்திலேயே இனிமையான இடம் இதுதான், ஆல்பத்திலேயே பொய்யான இடமும் இதுதான். இரண்டாவது பக்கத்தின் தொடக்கத்தில் ‘ஷ்ரிங்க் ராப்’ என்று ஒரு குட்டித் துண்டு வரும். அதே தாலாட்டு வரிகளை எடுத்து, அடியில் இருந்த மெத்தையை உருவிவிட்டு, தட்டுகிற ஒலிகளின் மேல் காட்டுவார்கள். முதல் பக்கத்தில் மயக்கிய அதே சொற்கள் இங்கே தோலுரிந்து நிற்கும்.

அடுத்து ‘பேப்பர் ஹாட்ஸ்’. வெட்டி வெட்டிப் போகும் கிட்டார், கூட்டுக் குரல்கள், பிறகு பாட்டு பாதியில் வழி மாறி வேறெங்கோ போய்விடும். நீங்கள் “அறுந்து வேறொன்று தொடங்குகிறது” என்று எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன். ‘ட்ரயம்ஃப்’ எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை, தாண்டுகிறேன்.

‘எஸ்.பி.க்யூ.ஆர்.’ பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ரோமப் பேரரசின் முத்திரை எழுத்துகள் அவை. பாட்டு என்றால் மூச்சு விடாத ஓட்டம். புல்லனின் கிட்டார் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்று தேய்க்கிறது, ஹேவார்டின் ட்ரம்ஸ் குதிரை மாதிரி தடதடக்கிறது, மூன்று பேரும் ஒரே சுருதியில், எந்த நெளிவும் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி பாடுகிறார்கள். ஒப்பிக்கவே செய்கிறார்கள், லத்தீன் வினைத்திரிபை. நேரான சாலைகள், எல்லாச் சாலையும் ரோமுக்கே, நாம் எல்லாருமே நம்மை அறியாமல் ரோமர்கள்தான் என்று போகும். பிரிட்டிஷ் மேட்டுக்குடிப் பள்ளிகளில் லத்தீன் எதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அதைப் படித்தவர்கள் பிறகு எந்தெந்த நாடுகளை ஆளப் போனார்கள் என்பது நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே அந்த மூன்று குரல்களைக் கவனியுங்கள். ராக் பாடகர் ஒருவர் தன் உள்ளத்தைக் கொட்டுகிறார் என்ற உணர்வு துளியும் இருக்காது. மூன்று சாதாரண ஆங்கிலக் குரல்கள், பயிற்சியில்லாத பாடகர் குழு, யாரும் முன்னால் வருவதில்லை. இந்த ஆல்பத்தின் கரடுமுரடில் பெரும் பங்கு இந்தக் குரல்களுடையது. கத்துகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சில இடங்களில் உண்மைதான், ஆனால் பெரும்பாலும் அது கத்தல் இல்லை, ஒப்பித்தல். அதுதான் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

‘செனோடாஃப்’ முதல் பக்கத்தை முடிக்கிறது. லண்டன் வைட்ஹால் தெருவில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தின் பெயர், ஒவ்வொரு நவம்பரிலும் பாப்பி மலர் வளையம் வைப்பார்கள். வரலாறு திரும்புகிறது என்பதுதான் பாட்டின் சாரம். ஆல்பத்தில் மெட்டு என்று முணுமுணுக்கக்கூடியது வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரம்ஸ் ஒலியைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “கிடங்கில் பதிந்தது போல” என்ற உணர்வு பெரிதும் அங்கிருந்துதான் வருகிறது. 1981 ஜனவரியில் ஃபில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ வந்தது. அதில் அந்தப் புகழ்பெற்ற ட்ரம்ஸ் வரும் இடம் ஞாபகம் இருக்கும், பெரிதாக முழங்கி உடனே கத்தரித்த மாதிரி நிற்கும். அடுத்த பத்து வருடம் பாதி உலகம் அந்த ஒலியைத்தான் துரத்தியது. அதே வருடம் அக்டோபரில் ஹ்யூமன் லீக் ‘டேர்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள், தாளம் முழுக்க மெஷின், கண்ணாடி போலப் பளபளப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் டிசீட்டை வைத்துக் கேளுங்கள். ஹேவார்டின் ட்ரம்ஸ் வறண்டிருக்கிறது. தோலில் குச்சி படுகிற ஒலி, சட்டத்தின் மேல் தட்டுகிற ஒலி, ஒரு மனிதன் ஒரு அறையில் உட்கார்ந்து அடிக்கிறான் என்ற அளவுக்கு மேல் எந்த அலங்காரமும் இல்லை. அவர் வாசிப்பும் வழக்கமான ராக் வாசிப்பு இல்லை. நான்கு அடிகளில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் (கூர்மையாக வெடிக்கும் ட்ரம்) விழுந்து நம் தலையை ஆட்ட வைக்கிற அந்தச் சுலபமான வேலையை அவர் பெரும்பாலும் தவிர்க்கிறார். தாளம் தடுக்கி விழப்போகிற மாதிரி போய், விழாமல் எழுந்து ஓடும். அதை அடித்துக்கொண்டே பாடவும் செய்கிறார். மேடையில் பார்த்தவர்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

இரண்டாம் பக்கத்துக்கு வந்தால், உங்கள் கேள்விக்கான நேரடிப் பதில் ‘மேக்ஷிஃப்ட் ஸ்வாஹிலி’ என்ற பாட்டில் இருக்கிறது. ஆல்பத்தின் ஆகக் கொடூரமான குரல் இதில்தான். தொண்டை கிழிய, வேண்டுமென்றே கோணலான உச்சரிப்பில், ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாத நிலையைப் பற்றி. பாட்டு ஒரு கட்டத்துக்கு வந்ததும் திடீரென்று ஒலியின் தரமே விழுந்துவிடும். ஸ்டூடியோப் பதிவை வெட்டிவிட்டு, அதே பாட்டை மேடையில் வாசித்த ஒரு மங்கலான பதிவை அங்கே ஒட்டியிருக்கிறார்கள். ஹெட்போனில் கேட்டால் அறையே மாறுவது தெரியும். சுவர்கள் விலகுகின்றன, ஒலி கலங்குகிறது, ஆனால் வேகம் எகிறுகிறது. முதல் முறை கேட்கும்போது பிளேயர் கெட்டுவிட்டதோ என்று தோன்றுவது இயல்பு. சாதாரண ஆல்பத்தில் இப்படி ஒரு வெட்டு இருந்தால் தவறு. இங்கே அந்த இடத்தில்தான் பாட்டின் முழு பலமும் இருக்கிறது. ஸ்டூடியோப் பதிவைவிட மேடைப் பதிவில் வெறி அதிகம் இருந்தது, ஆகவே அதை எடுத்தார்கள். அதை மெருகேற்றி ஒத்துப்போகச் செய்யலாம் என்ற ஆசையை அடக்கினார்கள். வெட்டு தெரியட்டும் என்று விட்டார்கள். துணியின் தையலை உள்பக்கம் மறைக்காமல் வெளிப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்ட மாதிரி. யாரோ இதைத் தைத்திருக்கிறார்கள், இது தானாக வளர்ந்து வந்ததில்லை என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். அரசாங்கக் கையேடும் விளம்பரமும் மறைக்கிற விஷயம் அதுதானே, யாரோ உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள் என்பது.

‘ரேடியோ ப்ராக்’ வானொலி ஒலிகளின் சிறு குவியல். இடைவேளை என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ‘இண்டிபென்டன்ஸ்’ விஷயம் வேறு. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தை அப்படியே எடுத்துப் பாடியிருக்கிறார்கள், தங்கள் வரி ஒன்றைக்கூடச் சேர்க்காமல். ஒரு அரசாங்கம் மக்களின் உரிமைகளை அழிக்குமானால் அதை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு என்கிற பகுதி. அமெரிக்க ஏவுகணைகள் வரப்போகும் நாட்டில், அமெரிக்காவின் சொந்தக் காகிதத்தை எடுத்து, சோர்ந்த குரலில் திருப்பி வாசிப்பது. கிண்டலா, நிஜமாகவே சொல்கிறார்களா என்று பிடிபடாது. இரண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இசையாக மட்டும் பார்த்தால் இது கொஞ்சம் நீர்த்த இடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருத்து வலுவாக இருக்கிற அளவுக்கு ஒலி வலுவாக இல்லை.

பிறகு ‘எ நியூ கைண்ட் ஆஃப் வாட்டர்’. ஆல்பத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள். குரல்கள் மெதுவாக, சோர்வாக, கிட்டத்தட்ட கோயில் பாடல் போலத் தொடங்கும். அதிகம் எதிர்பார்க்கலாம் என்று சொல்லி வளர்த்தார்கள், கிடைத்தது, இப்போது இன்னும் வேண்டும் என்கிறோம் என்று பாடுகிறார்கள். கோபம் இந்த முறை அரசாங்கத்தின் மேல் மட்டும் இல்லை, தங்கள் மேலேயே. போருக்குப் பிறகு பிறந்து, இலவசக் கல்வியும் மருத்துவமும் அனுபவித்து வளர்ந்த தலைமுறை அது. எல்லாவற்றுக்கும் யாராவது ஒரு தீர்வு கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்கள், நாம் கவலைப்பட வேண்டாம் என்ற நம்பிக்கையில் வாழ்ந்தவர்கள். அந்த நம்பிக்கையைத் தாங்களே பிய்த்துப் பார்க்கிறார்கள். கிட்டாரின் சிறு சிறு சுரங்கள் அடியில் சுழல ஆரம்பிக்கும், ட்ரம்ஸ் ஒவ்வொரு அடுக்காக ஏறும், கடைசியில் முழு அழுத்தமும் சேரும்போது அது வெற்றி முழக்கமாக இருக்காது, அலறலாகவும் இருக்காது. எதிரே வருவதைப் பார்த்துவிட்ட மனிதர்கள் இன்னும் வாசிப்பதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். 1981-இல் வந்த எந்த ராக் பாட்டையும் இதற்கு மேலே வைக்க எனக்கு மனம் வராது.

அதற்குப் பின் வரும் ‘ஹி பாகு ஷோ’ முடிவுரை. குண்டு விழுந்தவர்களுக்கு வரும் நோய் என்ற பொருளில் ஜப்பானியத் தலைப்பு. பாட்டு இல்லை, குரல் இல்லை, இருட்டில் ஏதோ நகர்கிற ஒலிகள். முந்தைய பாட்டு தடுக்க நினைத்த விஷயம் நடந்தேவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் நாற்பது நிமிடம்தான் ஆல்பம்.

இசையைப் பற்றி இன்னொரு விஷயம். பிரிக்ஸ்டன் கரீபியன் மக்கள் நிறைந்து வாழ்ந்த பகுதி, ஜமைக்கா இசையான ரெக்கேயும் டப்பும் அங்கே தெருவில் கேட்கிற இசை. டப் என்பது ஏற்கெனவே பதிந்த பாட்டை எடுத்து, குரலை நீக்கி, பேஸையும் ட்ரம்ஸையும் மட்டும் விட்டு, திடீரென்று ஒரு எக்கோவைத் திறந்துவிடுகிற கலை. மிக்ஸிங் மேசையே கருவி. திஸ் ஹீட்டில் ரெக்கே தாளம் பெரிதாகக் கேட்காது, ஆனால் “பதிவு செய்ததோடு பாட்டு முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது” என்ற டப்பின் மனநிலை முழுக்க இருக்கிறது. மரியோ போயர் டீக்கூரோ என்ற கானா நாட்டு இசைக்கலைஞரோடும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். வெளியே இருந்து எது வந்தாலும் எடுத்துக்கொள்வோம், எல்லா வழிகளும் திறந்திருக்கும், இருபத்து நான்கு மணி நேரமும் விழிப்பு என்பதுதான் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட கொள்கை. இந்த விழிப்பு என்ற சொல் ராணுவத்தில் பயன்படுத்துகிற அர்த்தத்தில். ஏவுகணைத் தளம் மாதிரி இசைக்குழு!

நம் பக்கத்தோடு ஒரு நிஜமான தொடர்பும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. டிசீட் முடிந்த கையோடு காரெத் வில்லியம்ஸ் குழுவை விட்டு விலகி, கதகளி படிக்க இந்தியாவுக்கு வந்துவிட்டார். பிரிட்டனில் அதுவரை வந்ததிலேயே மிகவும் புதிய ஒலிகளில் ஒன்றை உருவாக்கிய ஆள், செண்டையும் மத்தளமும் இரவு முழுக்க முழங்குகிற ஒரு கலையைத் தேடி வந்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மீதி இரண்டு பேரும் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தார்கள், 1982-இல் கலைத்துவிட்டார்கள். வில்லியம்ஸ் திரும்பிப் போன பிறகு மேரி கரி என்பவரோடு சேர்ந்து ‘ஃப்ளேமிங் ட்யூன்ஸ்’ என்று ஒரு கேசட் செய்தார், 1985. வீட்டு அறையில் பதிந்த, மிக மென்மையான இசை. 2001 டிசம்பரில் புற்றுநோயால் இறந்துபோனார். ஹேவார்டும் புல்லனும் 2016-இல் லண்டனில் கஃபே ஓட்டோ என்ற இசை அரங்கில், இளைய இசைக்கலைஞர்கள் பலரைச் சேர்த்துக்கொண்டு, ‘திஸ் இஸ் நாட் திஸ் ஹீட்’ என்ற பெயரில் பழைய பாட்டுகளை வாசித்தார்கள். வில்லியம்ஸ் இல்லாமல் அதே பெயரில் வாசிக்க மாட்டோம் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

இனி நடைமுறை. எப்படிக் கேட்பது? போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அதில் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் விழும். மெருகான ஆல்பம் எந்த ஸ்பீக்கரிலும் ஓரளவு தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் அதில் எல்லா ஒலியும் ஒரே தளத்தில் இருக்கும். இங்கே ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு அறையிலிருந்து, வெவ்வேறு தலைமுறை நாடாவிலிருந்து வருகிறது. அந்த வித்தியாசம் கேட்டால்தான் ஆல்பம் கேட்கும். சுமாரான ஹெட்போன் போதும். 2016-இல் இரண்டு ஆல்பங்களையும், கீழே சொல்லப்போகும் ‘ஹெல்த் அண்ட் எஃபிஷியன்சி’யையும் மறுபடி வெளியிட்டார்கள், அந்தப் பதிப்புகள் நன்றாக இருக்கின்றன.

வரிசையாகக் கேட்க முடியவில்லை என்றால் முதலில் ‘செனோடாஃப்’, அடுத்து ‘எ நியூ கைண்ட் ஆஃப் வாட்டர்’, பிறகு ‘எஸ்.பி.க்யூ.ஆர்.’ கேளுங்கள். இந்த மூன்றும் பிடித்தால் முழுசாகப் போடுங்கள். பிடிக்காவிட்டால் 1980-இல் வந்த ‘ஹெல்த் அண்ட் எஃபிஷியன்சி’ என்ற பன்னிரண்டு அங்குல ரெக்கார்டைப் போட்டுப் பாருங்கள். சூரிய ஒளியைப் பற்றிய பாட்டு, இவர்களிடம் இப்படி ஒரு உற்சாகமா என்று இருக்கும். ஒரே தாளத்தில் பூட்டிக்கொண்டு எட்டு நிமிடம் விடாமல் போகும். அதன் மறுபக்கத்தை ரெக்கார்ட் பிளேயரின் எந்த வேகத்தில் வேண்டுமானாலும் ஓட விடலாம் என்று விட்டிருக்கிறார்கள், அந்தக் குறும்பும் அவர்களுடையதே.

முதல் ஆல்பத்துக்கு, ரசிகர்கள் நீல மஞ்சள் ஆல்பம் என்று அட்டையின் நிறத்தை வைத்துச் சொல்வது, கடைசியில் வாருங்கள். அதுதான் இன்னும் கடினம், வரிகளும் குறைவு. ஒரு எச்சரிக்கை: அது ஆரம்பிக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது, அந்த ‘டெஸ்ட்கார்ட்’ துண்டில் ஒலி அவ்வளவு தாழ்வு. கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றிவிடாதீர்கள், ஒரு நிமிடத்துக்குள் ‘ஹாரிஸான்டல் ஹோல்ட்’ வந்து காதில் அறையும்.